டும்மா, டாமா?

எங்கள் அண்ணி ஒரு வாக்கியத்தை முடித்து நான் கேட்டதே கிடையாது. அண்ணனைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்தே அப்படித்தான். "நாளைக்கு நான் சீக்கிரம் வர…" என்பார். வருவாரா மாட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம். "டீயில சர்க்கரை கொஞ்சம்…" என்பார். கூடிப்போச்சா, குறைஞ்சுபோச்சா என்று நாமே குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். யார் மனசும் நோகக் கூடாது, யாரோடும் மல்லுக்கு நிற்கக் கூடாது என்று பேச்சின் வாலை அப்படியே விழுங்கிவிடுவார். நான் நேர் எதிர். மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அண்ணிக்கு 'முப்புள்ளி' என்று பெயர் வைத்ததும் நான்தான். நாத்தனார் என்று ஒருத்தி இருந்துகொண்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்த அன்றைக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான புதிது. "ஆபீஸ்ல என்னதான் பண்றீங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"வெப்சைட்ல எழுத்தெல்லாம் பெட்டியை விட்டு வெளிய வழியும்ல? அதைச் சரி பண்ணி…"

"பண்ணி?"

"அவ்வளவுதான்."

அடக் கடவுளே! இதற்கு ஒரு ஆபீஸ், அந்த ஆபீசுக்கு ஒரு முதலாளி, மாசா மாசம் சம்பளம்! நான் கண்ணாடிக் கடையில் கால் கடுக்க நின்று ஊரார் மூக்குக்கெல்லாம் அளவெடுக்கிறேன், எனக்கே அவ்வளவு கிடையாது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அண்ணி லேப்டாப்பைத் திறந்து காட்டினார். நீலமாக ஒரு பட்டன். அதில் எழுதியிருந்த தமிழ் வார்த்தை பட்டனுக்குள் அடங்காமல் வலதுபக்கம் பிதுங்கிப் பக்கத்துப் படத்தின் மேல் ஏறிப் படுத்திருந்தது.

"முதல்ல இங்கிலீஷ்ல பண்ணுவாங்க. குட்டி வார்த்தையா இருக்கும். அதுக்கு அளவெடுத்துப் பெட்டி போடுவாங்க. அப்புறம் அதே பெட்டியில தமிழ்ல 'சேமித்துக்கொள்ளவும்'னு போடுவாங்க. கைக்குழந்தை சட்டையை மாமா போட்டா…"

"கிழியும்" என்று நான் முடித்து வைத்தேன். எங்கள் அப்பா சட்டையைப் பற்றித்தான் பேச்சு. அண்ணி சிரித்துவிட்டார்.

வழிகிற எழுத்துக்கு அவர் வைத்திருந்த வைத்தியம் நாலு. வார்த்தையை மடக்கி அடுத்த வரிக்கு அனுப்பலாம். எழுத்தைச் சின்னதாக்கலாம். எழுத்துக்குத் தக்கபடி பெட்டியையே வளர விடலாம். எதுவும் முடியாவிட்டால், மிஞ்சியதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மூன்று புள்ளி வைக்கலாம். இதில் கடைசி வைத்தியம் அவருக்கு அறவே பிடிக்காது. பெட்டி வளரட்டுமே, யார் வேண்டாம் என்றது என்பார். அதாவது, 'பெட்டி வளரட்டுமே, யார்…' என்பார்.

அவர் முதன்முதலில் வேலைக்குப் போனது ஒரு அச்சகத்துக்கு. விசிட்டிங் கார்டில் ஆள் பெயர் இடம் கொள்ளாமல் போனால், மூக்கும் முழியும் கெடாமல் அதை உள்ளே உட்கார வைக்கிற பொறுப்பு அவருடையது. அங்கே பிடித்த பழக்கம். தெருவில் அவரோடு நடந்து போனால் பெரும் தொல்லை. ஒரு கடைப் பலகையில் கடைசி எழுத்து நசுங்கியிருந்தால் நின்றுவிடுவார். பஸ் நெற்றியில் ஊர்ப்பெயர் பாதியோடு நின்றால், அந்த பஸ் எங்கே போகிறதோ என்று ஊர்க்கவலையெல்லாம் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வார். "வாங்க அண்ணி, அந்த டிரைவருக்குத் தெரியும் எங்க போகணும்னு" என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவரே ஒரு கதை சொன்னார். ஏதோ ஒரு கடையின் வெப்சைட். 'எங்கள் செய்திகளை உங்களுக்கு அனுப்பவா?' என்று கேள்வி. கீழே இரண்டு பட்டன். ஒன்றில் 'வேண்டும்', இன்னொன்றில் 'வேண்டாம்'. போனில் இடம் போதாமல் இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டிப் புள்ளி வைத்திருக்கிறது. பார்த்தால் இந்தப் பக்கமும் 'வேண்…', அந்தப் பக்கமும் 'வேண்…'. வாடிக்கையாளர் எதைத் தொடுவார் பாவம்!

அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. எங்கள் அப்பா, சிரிக்கவே கூலி கேட்கிற மனுஷன், அவர்கூடக் குலுங்கிச் சிரித்தார். அன்றிலிருந்து அண்ணி எந்தப் பேச்சைப் பாதியில் விட்டாலும் வீட்டில் எல்லோரும் கோரஸாக, "டும்மா, டாமா?" என்று கேட்போம். அண்ணி வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். சிரித்தோமே தவிர, அது எங்கள் வீட்டுக் கழுத்துக்கே கத்தியாக வரும் என்று யார் கண்டார்கள்?

அப்பாவுக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு வில்லங்கம், அவர் நெஞ்சுக்காக ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அவசரக்காரர். "ஆபரேஷனுக்கு முன்னாடி என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது எல்லாம் எங்க வெப்சைட்ல தமிழ்லயே இருக்கு. அதைப் பார்த்து அப்படியே செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த வெப்சைட்டைச் செய்தது அண்ணியின் ஆபீஸ்தான். எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. நான் அங்கேயே நர்சிடம், "இது எங்க அண்ணி பண்ணினது" என்று பீற்றிக்கொண்டேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வேலை பார்த்ததெல்லாம் ரயில்வேயில், சிக்னல் அறையில். எழுத்தில் இருந்தால் அது வேதம். வாயால் சொன்னால் காற்றோடு போச்சு. வெப்சைட்டைத் தன் போனில் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்து, படித்தபடியே செய்தார். மூடினால் திரும்பக் கிடைக்காதோ என்று பயந்து அந்தப் பக்கத்தை மூடவே இல்லை. மாத்திரை டப்பா அவருடைய தனி ராஜ்ஜியம். அதை யாரும் தொடக் கூடாது, அதைப் பற்றி யாரும் கேட்கவும் கூடாது. கேட்டால், "போட்டிருக்கிறபடிதான் செய்யறேன், எனக்குப் பாடம் எடுக்காதீங்க" என்பார்.

ஆபரேஷன் அன்று அண்ணன் வேலை விஷயமாக வெளியூரில் மாட்டிக்கொண்டான். மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். நானும் அண்ணியும்தான் ஆஸ்பத்திரியில். அப்பாவுக்குப் பச்சை அங்கி போட்டுவிட்டு, நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களா ஐயா?"

"பச்சைத் தண்ணி ஒரு மடக்கு, அவ்வளவுதான்."

"ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை? வெப்சைட்ல சொல்லியிருந்தபடி செஞ்சீங்களா?"

"ஒரு எழுத்துப் பிசகாம செஞ்சேன்" என்றார் அப்பா, சல்யூட் அடிக்காத குறையாக.

"எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எங்க வேலை சுலபம்" என்று சொல்லி நர்ஸ் அவரைத் தள்ளிக்கொண்டு போனார். அண்ணி போனில் அண்ணனுடன் பேசியபடி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். கதவு இரண்டும் ஆடி ஆடி மூடிக்கொண்டன. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அப்பா கழற்றிக் கொடுத்த சட்டையை நான் மடித்தேன். பையிலிருந்து மாத்திரை அட்டை கீழே விழுந்தது. அண்ணி குனிந்து எடுத்தார். எடுத்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது அந்த மாத்திரைதானே? இதுல கடைசி வரைக்கும் காலியா…"

"காலைலகூடப் போட்டுக்கிட்டார். நான் பார்த்தேனே."

"இன்னிக்கா? இதை நிறுத்தியிருக்கணுமே! யார் போடச் சொன்னது?"

"யார் சொல்லணும்? உங்க வெப்சைட்தான் சொல்லுது. தவறாம சாப்பிடணும்னு போட்டிருக்குன்னு அப்பா அன்னிக்கே போனைப் பார்த்துச் சொன்னார்."

"அப்படிப் போடலையே" என்றார் அண்ணி. "அப்படி இல்லவே இல்லையே. போன் எங்க?"

அப்பாவின் போன் என் கைப்பையில் இருந்தது. திறந்தால் அதே பக்கம். கொட்டை கொட்டையாக எழுத்து. ஒரு பெட்டி, அதில் மூன்று வரி:

'ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் சாப்பிட வேண்…'

டும்மா, டாமா? நாங்கள் சாப்பாட்டு மேஜையில் சிரித்துச் சிரித்துக் கேட்ட அதே கேள்வி. எங்கள் அப்பா அதற்கு 'டும்' என்று பதில் வைத்துக்கொண்டு, தினமும் ஒன்று தவறாமல் விழுங்கிவிட்டு, உள்ளே கத்திக்குக் கீழே படுத்திருக்கிறார். ரத்தம் நிற்காத உடம்போடு படுத்திருக்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐயோ என்று கத்தக்கூட வாய் வரவில்லை. வாயாடி, ஊரையே கூட்டுகிற வாயாடி, மரம் மாதிரி நின்றேன்.

ஓடியது அண்ணிதான். செருப்பு ஒரு பக்கம் கழன்று விழ, அந்தக் கதவின் மேல் போய் விழுந்தார். இரண்டு கையாலும் அறைந்தார்.

"வேண்டாம்! நிறுத்துங்க! கத்தி வைக்க வேண்டாம்! அவர் மாத்திரையை நிறுத்தவே இல்லை! இன்னிக்குக் காலைலகூடச் சாப்பிட்டிருக்கார்! ஆபரேஷன் பண்ண வேண்டாம்!"

அத்தனை வாக்கியமும் முழு வாக்கியம். அந்தக் குரல் அவருக்குள் எங்கே இருந்தது என்று எனக்கு இன்று வரை தெரியாது. காத்திருந்த ஜனமெல்லாம் எழுந்து நின்றுவிட்டது. காவலாளி ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தார். அண்ணி கதவுப் பிடியை விடவில்லை. "வேண்டாம், வேண்டாம்" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார். அண்ணி மாத்திரை அட்டையை அவர் கையில் திணித்தார். நர்சின் முகம் சுண்டிப்போயிற்று. திரும்பி உள்ளே ஓடினார். அப்புறம் எவ்வளவு நேரம் போயிற்றோ, எனக்கு ஒரு யுகம். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"முதுகுல ஊசி போடறதுக்கு அவரைத் திரும்பி உட்காரச் சொல்லியாச்சு. ஊசி என் கையில இருந்துது. இந்த மாத்திரையோட அதைப் போட்டிருந்தா உள்ளுக்குள்ளயே ரத்தம் கட்டி, கால் ரெண்டும் போயிருக்கும். அதுக்கு அப்புறம் வயித்துல கத்தி வேற." காத்திருந்த ஜனத்தைச் சுற்றிப் பார்த்தார். "யாரும்மா கத்தினது? நல்ல வேளை கத்தினீங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது. அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் அண்ணி, எங்கப்பாவைக் காப்பாத்திட்டீங்க" என்றேன்.

"அப்படிச் சொல்லாதே" என்றார் அண்ணி. "அந்த மூணு புள்ளியை வெச்சது நான்தான்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. "என்னது?"

சொன்னார். முழுசாகச் சொன்னார். முதலில் அவர் பெட்டிகளை வளரத்தான் விட்டிருக்கிறார். அவருடைய முதலாளிக்கு எல்லாப் பெட்டியும் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஆபீசில் அவருக்கு 'அளவுகோல்' என்றே பெயர். 'ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, பார்க்கச் சகிக்கலை. மூணு வரிக்கு மேல போனா வெட்டிப் புள்ளி வெச்சுடுங்க. தொட்டா முழுசும் விரியப் போகுது' என்றிருக்கிறார். 'சார், இது ஆஸ்பத்திரி, யாராவது தொடாம…' என்று அண்ணி ஆரம்பித்திருக்கிறார். 'தொடாம?' என்று அவர் கேட்டிருக்கிறார். அண்ணி வழக்கம்போல மீதியை விழுங்கிவிட்டார். புள்ளி வைத்தார். தன் போனில் பார்த்தபோது 'வேண்டாம்' முழுசாகத் தெரிந்தது, அதற்கு அடுத்த வாக்கியம்தான் வெட்டுப்பட்டது. சரி என்று விட்டுவிட்டார். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கத்தை விழுந்து விழுந்து படிக்கிறவர்கள் எல்லாம் கண் மங்கியவர்கள், எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிப்பார்கள் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை மறைக்க மாட்டேன். காலைக் கட்டிக்கொண்டிருந்த கையை உதறி எழுந்தேன். "உங்க வாய்க்கு என்ன கேடு? ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியத்தை முழுசா அந்த ஆள்கிட்ட சொல்லியிருந்தா எங்கப்பாவுக்கு இந்தக் கதி வந்திருக்குமா? கொன்னிருப்பீங்களே!" என்று கத்தினேன். "ஆமாம். கொன்னிருப்பேன்" என்று மட்டும் சொன்னார் அண்ணி.

அதற்குள் அப்பாவை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். எதுவும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்ன, சிக்னல் விழலையா?" என்றார்.

அண்ணி அவர் பக்கத்தில் குனிந்து நின்று விஷயத்தைச் சொன்னார். அப்பா போனை வாங்கித் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"தொட்டா விரியுமா? ஆஸ்பத்திரிக்காரன் சமாச்சாரம், தொட்டு ஏதாவது கெட்டுடப் போகுதுன்னு நான் விரல்கூடப் படாம படிச்சேனே!" பிறகு போனை என் கையில் கொடுத்தார். "விளக்கு பாதி மறைஞ்சிருந்தா வண்டியை நிறுத்தணும்மா. அதுதான் எங்க சட்டம். நான் நிறுத்தாம போயிட்டேன்."

"இல்லை மாமா. விளக்கை மறைச்சவ நான். உங்க மேல தப்பே இல்லை."

அப்பாவை வார்டுக்குக் கொண்டுபோனார்கள். மாத்திரையை நிறுத்தி, ரத்தம் பழையபடி ஆன பிறகு ஆபரேஷன் என்று சொன்னார்கள். அண்ணி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். ஒரே ஒரு செருப்பு. முடி கலைந்து, பேயறைந்த முகம். விரல் மட்டும் தடதடவென்று ஓடியது. "மாமா போனை மூடாதே. அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும்" என்றார் என்னிடம். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. மூன்று வரிக்கு மேல் வெட்டச் சொல்கிற கட்டளையை எடுத்தார். பெட்டிகள் எல்லாம் எழுத்துக்கேற்ப வளர்ந்தன. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. 'சாப்பிட வேண்டாம்' என்று பளிச்சென்று தெரிந்தது. உலகத்துக்கே தெரியும்படி பக்கத்தை மாற்றிவிட்டார்.

உடனே போன் அடித்தது. அளவுகோல். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? கண்றாவியா இருக்கு! பழையபடி மாத்துங்க!"

"மாத்த மாட்டேன் சார். யாரையும் மாத்தவும் விட மாட்டேன். இதைப் படிச்சு எங்க மாமா சாகப் பார்த்தார்."

அண்ணி போனை வைத்தார்.

அப்போதுதான் அந்த நர்ஸ் வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அண்ணியின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். "எழுதியிருந்தபடியே செஞ்சேன்னு உங்கப்பா சொன்னாரே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். "போன வாரம் ஒரு அம்மாவோட வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். ஆபரேஷன்ல ரத்தம் நிக்கவே இல்லை. அவர்தான் தப்பாப் படிச்சு மாத்திரையைக் கொடுத்துட்டார்னு எல்லாரும் நினைச்சோம். அந்தம்மா இப்போ…"

யாரோ டாக்டர் நடந்து வரவும் நர்ஸ் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"முழுசாச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார் அண்ணி.

"உயிரோட இருக்காங்க. மேல் மாடியில. ஆனா ரொம்ப மோசமாப் போய்த் திரும்பி வந்தாங்க."

அண்ணி எழுந்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்தேன். "எங்க போறீங்க? பேசாம வாங்க. கேஸ் போடுவாங்க, வேலை போயிடும். நமக்கு எதுக்கு வம்பு அண்ணி? அப்பா பிழைச்சுட்டார், அது போதும்." சற்று முன்தான் அவரைக் கொலைகாரி என்கிற மாதிரி கத்தியவள் நான். இப்போது அவரை மறைத்து வைக்கப் பார்த்தேன். என்ன இருந்தாலும் எங்கள் வீட்டு ஆள் இல்லையா? அண்ணி என் கையை மெதுவாக விலக்கிவிட்டு ஒற்றைச் செருப்போடு படியேறினார். நானும் பின்னாடியே ஓடினேன்.

மேல் மாடியில் அந்த அறைக்கு வெளியே ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் கண்ணாடி கோணலாக நின்றது. அவர் முன்னால் அவருடைய மகன் நின்றுகொண்டு, தன் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தான்.

"இப்போதான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இதோ, படிங்க. 'சாப்பிட வேண்டாம்.' எவ்வளவு தெளிவா இருக்கு! ஒரு குழந்தைகூடத் தப்பாப் படிக்காது. கண்ணு தெரியலைன்னா எங்ககிட்ட கேட்டிருக்கலாம்ல? ஏன்பா அம்மாவை இப்படிப் பண்ணினீங்க?"

பெரியவர் போனையே வெறித்துப் பார்த்தார். "நான் பார்த்தப்போ இது இல்லைடா. சத்தியமா இல்லை. அன்னிக்கு இது இல்லவே இல்லை" என்றார். மகன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

கீழே அண்ணி பக்கத்தைச் சரி செய்த அந்த நிமிஷமே, இந்த மனுஷன் சொன்னது உண்மை என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சியும் உலகத்திலிருந்து அழிந்துபோயிருக்கிறது. நல்லது செய்யப்போய் இவரைப் பொய்யர் ஆக்கிவிட்டோமே!

அண்ணி என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "மாமா போனைக் குடு."

இப்போது புரிந்தது. அந்தப் பழைய பக்கம் இன்னும் என் கைப்பைக்குள் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தால் அந்தப் பெரியவர் நிமிர்ந்துவிடுவார், எங்கள் அண்ணி மாட்டிக்கொள்வார். தெரியாமல் விரல் பட்டது போல மூடிவிட எனக்கு ஒரு நொடி போதும். அந்த நேரம் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துவிட்டு, திரும்பவும் போட்டுக்கொண்டு மகனின் போனைக் குனிந்து பார்த்தார். தன் கண்ணையே நம்பாமல் பார்த்தார். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர் எழுத்து தெரியாமல் விழித்ததை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்த எழுத்தைத் தெரியவில்லையோ என்று பயந்து பார்க்கிற முகத்தை அன்றுதான் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை. போனை எடுத்து அண்ணி கையில் வைத்தேன்.

அண்ணி அதை மகனிடம் காட்டவில்லை. நேராகப் பெரியவரிடம் போய், அவர் முன்னால் குனிந்து காட்டினார். "நீங்க பார்த்தது இதுதானே ஐயா?"

பெரியவர் பார்த்தார். திரையில் படாமல் விரலை ஓட்டி, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். "சாப்பிட… வேண்…" அதற்கு மேல் விரல் போகவில்லை. நிமிர்ந்தார். "இதுதாம்மா! இதுதான்! அப்போ நான் தப்பாப் படிக்கலையா?"

"இல்லைங்க. நீங்க சரியாத்தான் படிச்சீங்க. மீதியை வெட்டினது நான். இந்தப் பக்கத்தைச் செஞ்சவ நான்தான். கொஞ்ச நேரம் முன்னாடிதான் சரி பண்ணினேன். அதனாலதான் உங்க மகனுக்கு வேற மாதிரி தெரியுது."

மகன் போனைப் பிடுங்கிப் பார்த்தான். தன் போனைப் பார்த்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் அண்ணிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன், அடித்துவிடுவானோ என்று. அவன் அடிக்கவில்லை.

"இதை டாக்டர் முன்னாடி வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டான்.

"சொல்லுவேன்" என்றார் அண்ணி.

அவன் அறைக் கதவைத் திறந்து, "உள்ள வாங்கப்பா" என்றான். அத்தனை நாளும் அவரை வெளியிலேயே உட்கார வைத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, உள்ளே படுத்திருந்த மனைவியைப் பார்த்து, "நான் தப்பாப் படிக்கலையாம்மா" என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார்.